மு.கோ.

நான் பார்க்காத ஒன்றைத்தான் எழுதப்போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரவணம்பட்டி ஆபீஸின் மூன்றாவது மாடியில் ஹேமலதா என்ற பெண்ணின் முகம் வீங்கியதை நான் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸைப் பார்க்கவில்லை. எங்கள் சமையல்கூடத்துக்கு வந்து அதைச் சொன்ன மருதாசலம் அண்ணனும் பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாக்களை வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. அன்று எல்லா ஆபீஸ்களுக்கும் கொடுத்து முடித்துவிட்டு, நேற்றைய காலி டப்பாக்களை எடுக்க அந்தக் கட்டடத்தில் மறுபடி நின்றபோது வாசல் செக்யூரிட்டி சொன்னாராம். "உங்க சாண்ட்விச் சாப்ட்ட பொண்ணு, மூஞ்சியெல்லாம் வீங்கிப்போயி, ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்க." ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் அண்ணன் இதைச் சொன்னார். கண்ணாடி மூடிக்குள்ளிருந்து வந்ததால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. யார் என்று நான் கேட்டேன். "ஹேமலதாவாமா, மூணாவது மாடி." அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹேமலதாவுக்கு முட்டை ஆகாது. எங்கள் மதியச் சாப்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்த அன்று என்னிடம் போனில் அவரே சொன்னார், முட்டை பட்ட கரண்டி கூட ஆகாதுங்க, தொண்டை அடைச்சுக்கும் என்று. நான் அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். சிவப்பு மையில் எழுதினால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ.

கணபதி ஸ்டாப்பில் நான் பஸ் ஏறும்போது மணி ஒன்று நாற்பது. டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம், கண்டக்டர் டிக்கெட்டை என் முகத்தைப் பார்க்காமலேயே கிழித்துக் கொடுத்தார், பார்க்காமல் கொடுத்தது நல்லதாகவும் இருந்தது, ஏன் பார்க்கவில்லை என்றும் இருந்தது. ஜன்னல் ஓரம், வெயில் விழும் பக்கம்தான் இடம் கிடைத்தது. சமையல்கூடத்தை நடத்துகிற ஷோபனா மேடம் சொன்னதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எழிலரசி, நீ போயி அந்த டப்பாவை எடுத்துட்டு வந்துடு. வேற யாரும் தொடறதுக்கு முன்னாடி." மற்ற நாளில் எழில் என்பார். இன்றைக்கு முழுப்பெயர். முழுப்பெயர் சொல்லிக் கல்லூரியில் அட்டெண்டன்ஸுக்கும் ஹாஸ்டலில் புகாருக்கும்தான் கூப்பிடுவார்கள். வேறு யாரும் தொடுவதற்கு முன்னாடி என்றால் என்ன அர்த்தம்? எடுத்துப் பார்த்துத் தப்பைத் தெரிந்துகொள்ளவா, எடுத்துக் கழுவிவிடவா? மருதாசலம் அண்ணன் வண்டியில் இருபது நிமிஷத்தில் போய்வந்துவிடுவார், அவரை ஏன் அனுப்பவில்லை? கேட்டேன். "நீ படிச்சவ, பேசத் தெரியும்" என்றார். பேசத் தெரியும் என்பது பாராட்டா? நாளைக்கு யாராவது கேட்டால், டப்பாவை எடுத்தது எங்கள் டயட்டீஷியன்தான் என்று சொல்வதற்கா? நான் டயட்டீஷியன் கூட இல்லை. ஊட்டச்சத்தியலில் பி.எஸ்சி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், மிதித்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தோம். என் பெயருக்குக் கீழே மேடம் அச்சடித்துக் கொடுத்த அட்டையில் 'உணவு ஆலோசகர்' என்று இருக்கிறது. அந்த அட்டையை நான் இதுவரை ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. கொடுத்தால் ஏதாவது ஆலோசனை கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

எங்கள் கூடத்தின் பெயர் 'லேசு'. பிரெட் இல்லாத சாண்ட்விச் செய்து ஆபீஸ்களுக்கு அனுப்புகிறோம். இதை அப்பாவிடம் போனில் விளக்கியபோது அவர் என்னை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம் "பிரெட்டு இல்லாம அதுக்கு எதுக்கு அந்தப் பேரு?" என்று கேட்டார். அரூர் பக்கம் கல்குவாரியில் வேலை பார்ப்பவர். எங்கள் வீட்டில் பிரெட் ஒரு மருந்து. காய்ச்சல் வந்தால்தான் வாங்குவார்கள், பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். காய்ச்சல் இல்லாதவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள், என் தங்கை ஒருமுறை நெற்றியை வெயிலில் காட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து படுத்திருக்கிறாள். இங்கே அதே பிரெட்டை எடுத்துவிடுவதற்கு எனக்குச் சம்பளம். இரண்டு துண்டு பிரெட் நூற்றைம்பது கலோரி. அதற்குப் பதிலாக ஒரு முட்டைகோஸ் இலை, வெந்நீரில் பத்து எண்ணும் வரை போட்டு எடுத்தால் துணி மாதிரி மடங்கும், முப்பது கிராம், எட்டு கலோரி கூட வராது. இல்லாவிட்டால் இரண்டு முட்டை வெள்ளையைத் தவாவில் தாள் போல மெல்லிசாக ஊற்றி எடுப்பது, முப்பத்தைந்து. கத்தரிக்காயை வட்டமாக நறுக்கிச் சுட்டும் பார்த்தோம், அது எண்ணெயைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. கத்தரிக்காயை நான் அன்றிலிருந்து நம்புவதில்லை. ஆனால் நம்பாமல் இருந்திருக்க வேண்டியது மற்ற இரண்டையும். பிரெட் என்றால் பிரெட் என்று தெரியும். வெந்த கோஸ் இலையும் வெள்ளைக்கருத் தாளும் பட்டர் பேப்பரில் சுருட்டிவிட்டால் இரண்டும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு, உள்ளே இருக்கிற காரட்டும் கீரையும் நிழல் மாதிரித் தெரியும். பிரித்துக் கடித்தால்தான் எது என்று தெரியும். கடித்த பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்? கலோரியைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் எதைச் சாப்பிடுகிறோம் என்பதையே குறைத்துவிட்டோமோ.

அதனால்தான் மூடியில் எழுத்து. காலையில் பட்டியலைப் பார்த்து மூடிகளில் மார்க்கரால் நான் எழுதி அடுக்கி வைப்பேன், ருக்குமணி அக்கா எழுத்தைப் பார்த்து நிரப்புவார். முதலில் எளிதாக இருந்தது. முட்டைக்கு மு, கோஸுக்கு கோ. போன மாதம் கோழி சேர்த்தோம். கோழியும் கோ, கோஸும் கோ. ஒரு நாள் சைவக்கார ஐயர் ஒருவருக்குக் கோழி போக இருந்ததை வாசலில் வைத்தே பிடித்துவிட்டோம். மேடம் என்னைப் பார்த்தார். படித்தவள் நான்தானே. நான் ஒரு ராத்திரி யோசித்து, மறுநாள் வெள்ளைப் பலகையில் மூன்று வரி எழுதினேன். கோழி என்றால் கோ. முட்டை என்றால் மு. முட்டைகோஸ் என்றால் மு.கோ. எழுதிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தேன், அழகாக இருந்தது. கல்லூரியில் அட்டவணை போட்டு முடித்ததும் வருமே ஒரு திருப்தி, அது. ருக்குமணி அக்கா கை துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். "யாருங் அம்மிணி இந்த மு.கோ.? எலக்சன்ல நிக்கறாரா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து நான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். "இல்லீங் அம்மிணி, மு.கோ.ன்னா முட்டையுங் கோழியும் ரெண்டுஞ் சேத்துப் போட்டதா?" அதற்கும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பதில் சொன்னேனா? பலகையில் இருக்கே அக்கா, பாருங்க என்று சொன்னதாக ஞாபகம். அக்கா ஐந்தாவது வரை படித்தவர், பலகையில் என் கையெழுத்து சின்னது. அவர் சிரித்துக்கொண்டே கேட்டது சிரிப்பா, கேள்வியா? படிக்காதவர்கள் படித்தவர்களிடம் ஒன்றைக் கேட்கும்போது அதைக் கேலி மாதிரித்தான் கேட்பார்கள், அது எனக்குத் தெரியாதா என்ன, எங்கள் அம்மா பேங்கில் பாரம் நிரப்பக் கொடுக்கும்போது அப்படித்தான் சிரிப்பாள்.

அத்திப்பாளையம் பிரிவில் ஒரு அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார், மடியில் ஒரு கூடை, கூடையில் முட்டைகோஸ். இத்தனை காய் இருக்க இதுவா? அவர் நெருக்கி உட்கார்ந்து என் கையிலிருந்த போனையும் என் முகத்தையும் பார்த்தார். "எங்கீங் வேலை?" என்றார். சமையல் என்றேன். "பாத்தா அப்படித் தெரியலீங்களே" என்றார். என்ன தெரியவில்லை? என் விரலில் மார்க்கர் கறை இருந்தது, கருநீலம், அதை அவர் பார்த்தாரா? நான் கையை மடக்கிக்கொண்டேன். தப்பு எங்கே நடந்திருக்கும் என்று யோசித்தேன். உதாரணத்துக்கு இரண்டு டப்பா, ஒன்றில் மு, ஒன்றில் மு.கோ. மூடி ஈரமாக இருந்தால் மார்க்கர் நிற்காது, கோ அழிந்து மு மட்டும் நிற்கும். அப்படியென்றால் தப்பு ஈரத்தின் மேல். இல்லை, அக்கா மு.கோ.வை முட்டையும் கோழியும் என்றே ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தால் இத்தனை நாளில் யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள், கோழி கிடைத்தால் யார் புகார் சொல்வார்கள்? இல்லை, வேண்டுமென்றே? போன வாரம் கத்தரிக்காய் விஷயத்தில் நான் அக்காவிடம் கொஞ்சம் வேகமாகப் பேசினேன். "எண்ணெய அளந்து ஊத்துங்கக்கா, கை போன போக்குல ஊத்தாதீங்க." அவர் உடனே "செரீங்" என்றார். அந்த செரீங் கொஞ்சம் நீளமாக இருந்தது. ஒருத்தர் மனதில் எதையாவது வைத்துக்கொள்ள அந்த நீளம் போதாதா? நான் சேர்ந்த புதிதில் எனக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருந்தபோது தினம் ஒரு பிடி ரசம் சாதம் எடுத்து வைத்தவர். அவரைப் போய். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் ரசம் சாதத்தையும் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறது, எதற்காக வைத்தார் என்று. மருதாசலம் அண்ணன் மட்டும் என்ன? அவர் மச்சினி வேலை தேடுகிறாள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். சேதியை மேடத்திடம் போய்ச் சொல்லாமல் ருக்குமணி அக்கா நிற்கிற இடத்தில் நின்று, அவர் காதில் விழும்படி ஏன் சொன்னார்? அக்கா கையிலிருந்த இலை அப்படியே வெந்நீரில் கிடந்தது, பத்து எண்ணுவதற்குப் பதிலாக எவ்வளவோ எண்ணியிருக்கும், குழைந்து போனது. நான் அதைப் பார்த்தேன், அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. மேடம். பக்கத்து அம்மா கூடையை நகர்த்துவது மாதிரி என் பக்கம் சாய்ந்தார். "எங்க இருக்கே?" பஸ்ல மேடம், அத்திப்பாளையம் தாண்டியாச்சு. "அந்தப் பொண்ணுக்கு ஏழு வாட்டி அடிச்சுட்டேன், எடுக்க மாட்டேங்கறா. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. இன்னிக்கு மூணாவது மாடி டப்பா யாரு பேக் பண்ணது?" நான் யோசிக்கவேயில்லை. "ருக்குமணி அக்கா" என்றேன். "செரி" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். பத்து நொடி கூட இருக்காது. நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். எழுதினது யார் என்று அவர் கேட்கவில்லை. அந்த எழுத்தை யோசித்து வைத்தது யார் என்று கேட்கவில்லை. அக்கா ஏதாவது சந்தேகம் கேட்டாங்களா என்று கேட்கவில்லை. போனைப் பையில் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். "வீட்ல எதுனா பிரச்சனைங்களா கண்ணு?" என்று அந்த அம்மா கேட்டார். இல்லீங்க, ஆபீஸ் என்றேன். "ஆபீஸுன்னா அப்படித்தானுங், நாமதான் சூதானமா இருந்துக்கோணும்" என்றார். சூதானம் என்ற சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். தாலுகா ஆபீஸில் சாதிச் சான்றிதழ் வாங்கப் போன அன்று அப்பா வெளியே மரத்தடியில் நிறுத்தி எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா ஒண்ணு சொல்லாத. நீயா சொன்னா அதுல இருந்து இன்னொண்ணு கேப்பான்." அந்த ஒரு பாடத்தை வைத்தே நான் எல்லா ஆபீஸையும் தாண்டினேன். ஸ்காலர்ஷிப் ஆபீஸ், ஹாஸ்டல் வார்டன், வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர். அவர் புரதம் பற்றிக் கேட்டார், புரதம் பற்றி மட்டும் சொன்னேன், "குட், டு தி பாயிண்ட்" என்றார். அப்பா சொல்லிக் கொடுத்தது எங்களைக் காப்பாற்றிக்கொள்ள. அந்தப் பக்கத்தில் ஆபீஸும் இந்தப் பக்கத்தில் நாங்களும் இருந்தவரை அது சரி. இப்போது அந்தப் பக்கத்தில் மேடம், இந்தப் பக்கத்தில் யார்? ருக்குமணி அக்காவுக்கும் எனக்கும் நடுவில் நான் எந்தப் பக்கம் நின்று பதில் சொன்னேன்?

பஸ் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டது. மேம்பால வேலைக்குத் தகரம் அடித்திருந்தார்கள். தகரத்தில் வெயில் பட்டுக் கண்ணைக் குத்தியது. இந்நேரம் மேடம் அக்காவைக் கூப்பிட்டிருப்பார். அக்கா என்ன சொல்வார்? அந்த அம்மிணி எழுதுனதத்தான் பாத்துப் போட்டேன் என்பாரா? சொன்னால் நல்லது என்று ஒரு மனசு நினைத்தது, அப்படிச் சொன்னால் நான் சொல்ல வேண்டிய வேலை மிச்சம். சொல்லிவிட்டால் நான் ஏன் முதலில் சொல்லவில்லை என்ற கேள்வி வரும் என்று இன்னொரு மனசு பயந்தது. ஒரே ஆளுக்குள் இத்தனை கணக்குப்பிள்ளைகளா? ஹேமலதா செத்துப்போயிருந்தால்? இந்த நினைப்பு இவ்வளவு தாமதமாகத்தான் வந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று சொன்ன ஒரு குரல், முகம் தெரியாது, போனில் 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசியவர், அவர் எங்கேயோ ஒரு கட்டிலில் கிடக்க, நான் யார் எழுதினது யார் நிரப்பினது என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். எச்சிலை விழுங்கிப் பார்த்தேன், இறங்கியது. காலையில் நானும் ஒரு கோஸ் மடிப்புதான் சாப்பிட்டேன். அது கோஸ்தானா? கோஸ்தான். நறுக்நறுக்கென்று இருந்தது. இருந்ததா? இதையே ருசியை வைத்துச் சொல்ல முடியாத நான் எப்படி இன்னொருவர் தட்டுக்குப் பொறுப்பு? ஈரம், அக்கா, அண்ணனின் மச்சினி, மேடத்தின் முழுப்பெயர் என்று எல்லோரையும் சுற்றிவந்து சந்தேகம் கடைசியில் உட்கார்ந்த இடம் அந்த வெள்ளைப் பலகை. மூன்று வரி. மு.கோ. என்று எழுதியதற்குப் பதில் இலை என்று முழுதாக எழுதியிருக்கலாம். இரண்டே எழுத்து. இலை என்றால் யாருக்கும் இலைதான். ஆனால் இலை என்று எழுத பி.எஸ்சி. எதற்கு?

மேடத்துக்கு அடித்தேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக ஒரு பெண் குரல் தமிழில் சொல்லி, பிறகு இங்கிலீஷில் சொன்னது. மறுபடி அடித்தேன். அதே குரல். கண்டக்டர் தகரத்தைப் பார்த்துக்கொண்டு, "பாலத்தக் கட்டி முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "அது கெடக்குது, நீங்க டீ குடிக்கப் போயிராதீங்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நான் ருக்குமணி அக்காவுக்கே அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அது ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். பஸ் நகர்ந்து சிவானந்தபுரம் வந்தபோது மேடம் எடுத்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன், பக்கத்து அம்மா கேட்டால் கேட்கட்டும் என்று. "மேடம், அந்த மு.கோ. நான் வெச்சதுங்க. மூடில எழுதுனதும் நாந்தான். அக்கா என்கிட்ட கேட்டாங்க, முட்டையும் கோழியுமான்னு. நான் வெளக்கமா சொல்லலை. சிரிச்சுட்டேன். தப்பு நடந்திருந்தா அது என்னுது." அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. "இத அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார் மேடம். நீங்க கேக்கலை என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். "நான் அவளத் திட்டக்கூட இல்ல எழில். நீதான் பேக் பண்ணியான்னு கேட்டேன். எழில் அப்படித்தான் சொன்னான்னு சொன்னேன். 'அம்மிணி சொன்னா சரியாத்தானுங் இருக்கும்'னா. ஏப்ரனைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டு, அந்தப் பொண்ணு எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டுட்டுக் கெளம்பிட்டா. எனக்கே தெரியாது, நான் எங்கீன்னு சொல்றது?"

அம்மிணி சொன்னா சரியாத்தானுங் இருக்கும். அந்த வாக்கியத்தோடு நான் சரவணம்பட்டியில் இறங்கினேன். ஆபீஸ் வாசல் கண்ணாடி, உள்ளே ஏசி குளிர், தரை என் செருப்பைக் காட்டிக்கொடுக்கிற மாதிரிப் பளபளப்பு. செக்யூரிட்டி மேசையில் வேறு ஒருவர் இருந்தார், ரெண்டு மணிக்கு ஆள் மாறிவிட்டதாம். லேசு டப்பா ஒண்ணு எடுக்கணும், ஹேமலதா, மூணாவது மாடி என்றேன். சாப்பிட்டு மிச்சம் இருக்கும், மூடி எங்காவது குப்பையில் கிடக்கும், தேட வேண்டியிருக்கும் என்று நான் பஸ்ஸில் தயாராகி வந்திருந்தேன். அவர் குனிந்து மேசைக்குக் கீழேயிருந்து எடுத்து வைத்தார். "இது ஒண்ணுதாங்க யாரும் எடுக்க வரல." மூடியில் நான் காலையில் ஒட்டிய காகித நாடா பிரியாமல் இருந்தது. மு.கோ. என்பது தெளிவாக, ஈரம் படாமல், என் கையெழுத்தில் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாடாவைக் கிழித்தேன், பட்டர் பேப்பரைப் பிரித்தேன், அந்த ஆள் என்னை விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இலை இருந்தது. நடு நரம்பு தடிமனாக ஓடுகிற, விளிம்பு சுருண்ட, முட்டைகோஸ் இலை. ருக்குமணி அக்கா அந்தத் தடித்த நரம்பைக் கத்தியால் சீவி, மடிப்பு விரியாமல் இருக்க ஒரு வெங்காயத்தாளால் கட்டியிருந்தார். கட்டச் சொல்லி நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மேசைப் பக்கத்திலேயே, நின்றவாக்கில் அதைச் சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று கேட்டால், மேடம் எடுத்து வரச் சொன்ன டப்பா காலியாகத்தான் போகட்டும் என்று தோன்றியது என்று சொல்லலாம். அது முழு உண்மை இல்லை. பசித்தது.

ஹேமலதா இரண்டு நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆபீஸில் யாரோ பிறந்தநாளுக்கு வெட்டிய கேக்கில் வந்த வினையாம், முட்டை இல்லாத கேக் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். இதுவும் காதில் விழுந்ததுதான், நான் விசாரிக்கவில்லை. ருக்குமணி அக்கா அன்று காந்திபுரத்தில் மூன்று ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்கி, மூஞ்சி வீங்கின பொண்ணு வந்துச்சுங்களா என்று கேட்டிருக்கிறார். அவர் மகள் இதைச் சொன்னாள். நான் வீட்டுக்குப் போனபோது அக்கா உள்ளேதான் இருந்தார், வெளியே வரவில்லை. இலைதான் இருந்துச்சுக்கா, நீங்க சரியாத்தான் போட்டீங்க என்று வாசலில் நின்று சொன்னேன். உள்ளேயிருந்து, "சொன்னதுக்கு சந்தோசமுங் அம்மிணி" என்ற குரல் மட்டும் வந்தது. அம்மிணி என்றுதான் சொன்னார், ஆனால் அது நான் வாங்கிக்கொள்ளக்கூடிய அம்மிணியாக இல்லை. மேடம் இரண்டு முறை ஆள் அனுப்பியும் அவர் திரும்பி வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை ஷிப்டில் இருக்கிற செக்யூரிட்டியைப் பார்க்க நான் மறுபடி சரவணம்பட்டி போனேன். பெரியவர், காது கொஞ்சம் மந்தம். "நான் உங்க சாண்ட்விச் சாப்டற பொண்ணுன்னுதானம்மா சொன்னேன்" என்றார், "டெய்லி சாப்டற பொண்ணு, அடையாளத்துக்குச் சொன்னேன்." மருதாசலம் அண்ணன் ஹெல்மெட்டோடு நின்று கேட்டது 'சாப்ட்ட பொண்ணு'. பெரியவரிடம் கெஞ்சி வாசல் பதிவேட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அன்றைய பக்கத்தில் ஆம்புலன்ஸ் உள்ளே வந்த நேரம் 11.40. எங்கள் டப்பாக்களைக் கொடுத்ததற்கு மருதாசலம் அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்த நேரம் 12.20.